தேடுபொறி அடைவுகளிடையே தரவு இணைப்பு

தேடுபொறி அடைவுகளிடையே தரவு இணைப்பு என்பது, ஒரு தேடுபொறி மென்பொருளில் தனித்தனி அடைவுகளாகச் சேமிக்கப்பட்டுள்ள ஆவணங்களை, அவற்றுக்குப் பொதுவான ஒரு புலத்தின் மதிப்பைக் கொண்டு தொடர்புபடுத்தி, ஒரே வினவலுக்கு உரிய விடையைப் பெறும் செயற்பாடு ஆகும். உறவுசார் தரவுத்தளங்களில் இது அடிப்படையான செயற்பாடு. தேடுபொறிகளில் இது பல கட்டுப்பாடுகளுடனேயே கிடைக்கின்றது. தேடுபொறிக்கு விரைவைத் தருகின்ற அமைப்பே இணைப்பைக் கடினமாக்குவது இதற்குக் காரணம். எனவே ஒவ்வொரு இணைப்பு முறையும் அதற்கான செலவை மூன்று இடங்களுள் ஒன்றில் ஏற்கின்றது: ஆவணத்தை எழுதும்போது, வினவலை நிறைவேற்றும்போது, அல்லது தேடுபொறிக்கு வெளியேயுள்ள பயன்பாட்டு மென்பொருளில்.

பின்னணி

எட்கர் கோட் 1970ஆம் ஆண்டு முன்வைத்த உறவுசார் தரவு மாதிரியில், தகவல்கள் பல அட்டவணைகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. ஒரு தகவல் ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படும். தேவைப்படும்போது அட்டவணைகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும். எஸ்கியூஎல் மொழியில் 'ஜாயின்' எனப்படுவது இதுவே.

உரைத்தேடலுக்கான மென்பொருள்கள் வேறு வழியில் வளர்ந்தன. டக் கட்டிங் 1999ஆம் ஆண்டு எழுதிய லூசீன் என்னும் ஜாவா நிரலகம் 2001 இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் சேர்ந்தது. லூசீனை அடிப்படையாகக் கொண்டு யோனிக் சீலி 2004 இல் சீநெட் நிறுவனத்தில் உருவாக்கிய சோலர், 2006 இல் அப்பாச்சிக்கு வழங்கப்பட்டது. அதே லூசீனைக் கொண்டு ஷே பேனன் உருவாக்கிய எலாஸ்டிக்சர்ச் 2010 இல் வெளிவந்தது. இவை மூன்றிலும் தரவின் அடிப்படை அலகு ஆவணம் ஆகும். ஓர் ஆவணம், தன்னைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையான அனைத்தையும் தன்னுள்ளேயே கொண்டிருக்கும் என்பது இவற்றின் வடிவமைப்பில் அடங்கியுள்ள எடுகோள். இந்த எடுகோள் பொருந்தாத இடங்களிலேயே இணைப்பின் தேவை எழுகின்றது.

அடைவின் அமைப்பு

நூல்களின் இறுதியில் காணப்படும் சொல்லடைவு, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கங்களில் வருகின்றது என்பதைக் காட்டும். இன்டெக்ஸ் எனப் பரவலாக அழைக்கப்படும் தேடுபொறியின் அடைவும் இத்தகையதே. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அச்சொல் இடம்பெறும் ஆவணங்களின் எண்கள் ஏறுவரிசையில் எழுதப்பட்டிருக்கும்.

ஒரு நூலகத்தின் நூல் அடைவில் பின்வரும் வரிசைகள் உள்ளன எனக் கொள்வோம்.

வானியல்: 2, 5, 9
கோள்: 5, 9, 14

இரு சொற்களும் இடம்பெறும் நூல்களைக் காண, இரண்டு வரிசைகளையும் தொடக்கத்திலிருந்து ஒப்பிட்டுச் சென்றால் போதும். 5, 9 என்பன விடையாகும். வரிசைகள் மிக நீண்டவையாக இருந்தாலும் தேவையற்ற பகுதிகளைத் தாண்டிச் செல்ல இயலும் என்பதால் இவ்வேலை விரைவாக முடிகின்றது.

இதே நூலகம், ஒவ்வொரு நூலுக்கும் தன்னிடமுள்ள பிரதிகளின் விவரங்களைப் பிரதி அடைவு என்னும் வேறோர் அடைவில் வைத்துள்ளது எனக் கொள்வோம். அதில் 'கிடைக்கிறது' என்பதற்கு எதிரே 1, 5, 6 என்னும் எண்கள் உள்ளன. இங்குள்ள 5 என்னும் எண்ணுக்கும் நூல் அடைவின் 5 என்னும் எண்ணுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஆவண எண் என்பது அந்தந்த அடைவுக்கு உள்ளே மட்டும் பொருளுடையது. அடைவின் பகுதிகள் ஒன்றாக்கப்படும்போது அது மாறவும் கூடும். எனவே இரு அடைவுகளின் வரிசைகளை நேரடியாக ஒப்பிட இயலாது. ஒரு பக்கத்தில் பொருந்திய ஒவ்வோர் ஆவணத்திலிருந்தும் நூற்குறியீடு போன்ற பொது மதிப்பை எடுத்து, அம்மதிப்பை மறு பக்கத்தில் மீண்டும் தேட வேண்டும். இணைப்பின் செலவு பெரும்பாலும் இந்த இடைப்பட்ட வேலையில்தான் உள்ளது.

துண்டுகளாகப் பிரித்தல்

ஓர் அடைவு பெரிதாகும்போது அது ஷார்டு எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுப் பல வழங்கிகளில் வைக்கப்படுகின்றது. எந்த ஆவணம் எந்தத் துண்டுக்குச் செல்லும் என்பது, பொதுவாக ஆவணத்தின் அடையாளக் குறியீட்டைக் கொண்டு கணக்கிடப்படும். வினவல் எல்லாத் துண்டுகளுக்கும் அனுப்பப்படும். ஒவ்வொரு துண்டும் மற்றவற்றைக் கேட்காமல் தன் விடையைத் தரும். இறுதியில் விடைகள் தொகுக்கப்படும். வழங்கிகளைக் கூட்டுவதன் மூலம் பெருந்தரவைக் கையாள இயல்வது இதனால்தான்.

இணைப்பு இந்தத் தன்னிறைவைக் குலைக்கின்றது. ஒரு நூலின் ஆவணம் ஒரு வழங்கியிலும் அதன் பிரதிகளின் ஆவணங்கள் வேறு வழங்கிகளிலும் இருந்தால், விடை காண வழங்கிகள் தமக்குள் குறியீடுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். இதைத் தவிர்க்கவே பெரும்பாலான இணைப்பு முறைகள், தொடர்புடைய ஆவணங்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை விதிக்கின்றன.

அரை இணைப்பும் முழு இணைப்பும்

தேடுபொறிகளில் இணைப்பு என்னும் சொல் இரண்டு வேறுபட்ட செயல்களைக் குறிக்கின்றது.

அரை இணைப்பு: மறு அடைவைக் கொண்டு விடைகளை வடிகட்டுவது மட்டும் இதில் நிகழும். 'கிடைக்கும் பிரதியையுடைய நூல்கள்' எனக் கேட்டால், விடையில் நூல்கள் மட்டும் வரும். பிரதி எந்தக் கிளையில் உள்ளது என்பது வராது.

முழு இணைப்பு: இரு அடைவுகளின் புலங்களும் ஒரே வரிசையாக விடையில் இடம்பெறும். எஸ்கியூஎல் பயனர்கள் வழக்கமாக எதிர்பார்ப்பது இதுவே.

சோலரின் இணைப்பு வினவல் முதல் வகையைச் சேர்ந்தது. அது எஸ்கியூஎல் மொழியின் ஜாயின் கட்டளையைவிட, உள்வினவலுடன் கூடிய 'இன்' நிபந்தனையையே ஒத்தது. இவ்வேறுபாட்டை அறியாமல் வடிவமைப்பைத் தொடங்குபவர்கள், மறு அடைவின் புலங்கள் விடையில் இல்லாததைப் பின்னரே காண்கின்றனர்.

இணைப்பு முறைகள்

எழுதும்போதே சேர்த்தல்

மறு அடைவில் இருக்க வேண்டிய தகவலைப் படியெடுத்து ஆவணத்தினுள்ளேயே எழுதிவிடுவது மிகப் பழைய முறை. நூலாசிரியரின் பெயரை அவருடைய ஒவ்வொரு நூலின் ஆவணத்திலும் எழுதி வைப்பது இதற்கு எடுத்துக்காட்டு. வினவலின்போது இணைப்பு தேவைப்படுவதில்லை. எனவே தேடல் விரைவாக இருக்கும்.

இதன் செலவு மாற்றத்தின்போது வெளிப்படுகின்றது. லூசீனில் எழுதப்பட்ட அடைவுப் பகுதிகள் மாற்றப்படுவதில்லை. ஓர் ஆவணத்தைப் புதுப்பிப்பது என்பது, பொதுவாக, பழையதை நீக்கப்பட்டதாகக் குறித்துவிட்டு முழு ஆவணத்தையும் மீண்டும் எழுதுவதாகும். நூலாசிரியரின் பெயர் அரிதாகவே மாறும் என்பதால் அதைப் படியெடுப்பது சிக்கலில்லை. பிரதியின் இரவல் நிலையோ நாள்தோறும் மாறுவது. அதை நூல் ஆவணத்தில் எழுதினால், ஒருவர் ஒரு நூலை இரவல் பெறும் ஒவ்வொரு முறையும் அந்நூலின் தலைப்பு, சுருக்கம், பொருளடக்கம் ஆகிய அனைத்தும் மீண்டும் பகுக்கப்பட்டு எழுதப்பட வேண்டும்.

எலாஸ்டிக்சர்ச்சின் 7.5 பதிப்பில் (2019) அறிமுகமான 'என்ரிச்' வசதி இப்படியெடுப்பைத் தானாகச் செய்கின்றது. எனினும் அது மூல அடைவின் ஒரு கட்டத்து நிலையையே பயன்படுத்துகின்றது. மூலம் பின்னர் மாறினாலும், ஏற்கெனவே எழுதப்பட்ட ஆவணங்கள் தாமாக மாறுவதில்லை.

ஆவணத் தொகுதி

ஒரு நூலின் பிரதிகளை நூல் ஆவணத்திலேயே ஒரு பட்டியலாக எழுதினால் வேறொரு பிழை நேரலாம். வடக்குக் கிளையில் உள்ள பிரதி இரவலில் உள்ளது. தெற்குக் கிளையில் உள்ள பிரதி கிடைக்கிறது எனக் கொள்வோம். சாதாரண முறையில் இப்பட்டியல் தட்டையாக்கப்பட்டுப் பின்வருமாறு எழுதப்படும்.

கிளை: வடக்கு, தெற்கு
நிலை: இரவலில், கிடைக்கிறது

எந்த நிலை எந்தக் கிளைக்கு உரியது என்னும் தொடர்பு இங்கு அழிந்துவிட்டது. 'வடக்குக் கிளையில் கிடைக்கும் நூல்' எனத் தேடினால் இந்நூலும் தவறாக விடையில் வரும். அதை நம்பி வடக்குக் கிளைக்குச் செல்லும் வாசகர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

இதைத் தவிர்க்க, லூசீனில் 2011ஆம் ஆண்டு தொகுதி இணைப்பு சேர்க்கப்பட்டது. இதில் ஒவ்வொரு பிரதியும் தனி ஆவணமாகவும், அவற்றை அடுத்து நூல் ஆவணமும், அடுத்தடுத்த எண்களில் ஒரே தொகுதியாக எழுதப்படும். சேய் ஆவணத்திலிருந்து அடுத்து வரும் தாய் ஆவணத்தை அடைய எண்களைப் பார்த்தாலே போதும் என்பதால் இம்முறை விரைவானது. எலாஸ்டிக்சர்ச்சில் இது 'நெஸ்டெட்' புலமாக அமைகின்றது. தொகுதியில் உள்ள ஒன்று மாறினாலும் முழுத் தொகுதியையும் மீண்டும் எழுத வேண்டும் என்பது இதன் குறை.

தாய்-சேய் உறவு

எலாஸ்டிக்சர்ச்சில் தாய் ஆவணமும் சேய் ஆவணமும் தனித்தனியே எழுதப்படும் முறையும் உண்டு. சேயை மாற்றும்போது தாயை மீண்டும் எழுத வேண்டியதில்லை. முன்பு தனி ஆவண வகைகளைக் கொண்டு அமைந்திருந்த இவ்வசதி, 2017 இல் வெளியான 6.0 பதிப்பிலிருந்து 'ஜாயின்' என்னும் புல வகையாக மாற்றப்பட்டது. தாயும் சேயும் ஒரே அடைவில், அதிலும் ஒரே துண்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே பெயரில் ஜாயின் என்று இருந்தாலும், இது தனி அடைவுகளை இணைப்பதில்லை.

உறவைக் கணிக்கும் தரவமைப்பு நினைவகத்தில் வைக்கப்படுகின்றது. அடைவில் மாற்றங்கள் நிகழும்போது அது மீண்டும் கட்டப்பட வேண்டும். நெஸ்டெட் முறை வினவலைப் பல மடங்கும், தாய்-சேய் முறை நூற்றுக்கணக்கான மடங்கும் மெதுவாக்கக்கூடும் என எலாஸ்டிக்சர்ச்சின் கையேடே எச்சரிக்கின்றது.

2017 இல் திறமூலமாக்கப்பட்ட வெஸ்பா என்னும் தேடுபொறி இதே சிக்கலுக்கு வேறு தீர்வைத் தருகின்றது. அதில் தாய் ஆவணங்கள் எல்லா வழங்கிகளிலும் படியெடுத்து வைக்கப்படுகின்றன. சேய் எந்த வழங்கியில் இருந்தாலும் அதன் தாய் அருகிலேயே இருக்கும். தாய் ஆவணங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது இது பொருத்தமானது.

வினவல் நேர இணைப்பு

சோலரின் 4.0 பதிப்பு (2012) இணைப்பு வினவலைக் கொண்டிருந்தது. 'ஃப்ரம்' என்னும் புலத்தில் உள்ள மதிப்புகளைத் திரட்டி, 'டு' என்னும் புலத்தில் அம்மதிப்புகளையுடைய ஆவணங்களை இது தேர்ந்தெடுக்கின்றது. 'ஃப்ரம்இன்டெக்ஸ்' என்னும் அளவுருவைக் கொடுத்தால் முதற்புலம் வேறோர் அடைவில் இருக்கலாம். இதுவே உண்மையான அடைவிடை இணைப்பு. எனினும் பல வழங்கிகளில் இயங்கும் அமைப்பில், அந்த மறு அடைவு பொதுவாக ஒரே துண்டாக இருந்து, அதன் படி ஒவ்வொரு வழங்கியிலும் வைக்கப்பட வேண்டும். இந்நிபந்தனை இல்லாத, தொலைவில் உள்ள அடைவிலிருந்து குறியீடுகளைப் பெற்றுக்கொள்ளும் முறை 8.6 பதிப்பில் (2020) சேர்க்கப்பட்டது.

எலாஸ்டிக்சர்ச்சில் இதற்கு ஓரளவு நிகரானது, மறு அடைவின் ஓர் ஆவணத்தில் உள்ள மதிப்புகளின் பட்டியலை எடுத்து வடிகட்டியாகப் பயன்படுத்தும் வசதியாகும். இயல்பு அமைப்பில் இப்பட்டியல் 65,536 மதிப்புகளுக்கு மேல் போகக்கூடாது.

பயன்பாட்டு மென்பொருளில் இணைத்தல்

தேடுபொறியை இருமுறை கேட்டு, விடைகளைப் பயன்பாட்டு மென்பொருளிலேயே இணைப்பது ஐந்தாவது முறை. இதில் எந்த அடைவை முதலில் கேட்பது என்பது முக்கியமானது. ஒரு நூலகத்தில் 2,50,000 பிரதிகள் கிடைக்கும் நிலையில் உள்ளன, வானியல் பற்றிய நூல்கள் 40 மட்டுமே உள்ளன எனக் கொள்வோம். பிரதி அடைவிலிருந்து தொடங்கினால் இலட்சக்கணக்கான குறியீடுகளைக் கொண்டுசெல்ல வேண்டும். நூல் அடைவிலிருந்து தொடங்கினால் 40 குறியீடுகளே போதும். தரவுத்தள மென்பொருள் இவ்வரிசையைத் தானே தீர்மானிக்கும். இம்முறையில் நிரலாளரே தீர்மானிக்க வேண்டும்.

ஓடைகளும் அட்டவணை மொழிகளும்

முழு இணைப்புக்கான வசதிகள் பிற்காலத்தில் வந்தன. 2016 இல் தொடங்கிய சோலரின் 6ஆம் வரிசைப் பதிப்புகளில், இரு அடைவுகளின் விடைகளை ஓடைகளாகப் பெற்று இணைக்க இயன்றது. இரு ஓடைகளும் ஒரே புலத்தின்படி வரிசைப்படுத்தப்பட்டிருந்தால் அவற்றை இணையாகப் படித்துச் சேர்க்கலாம். அல்லது சிறிய ஓடையை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பெரிய ஓடையை அதனுடன் ஒப்பிடலாம். இவை தரவுத்தளங்களில் நெடுங்காலமாக வழங்கும் வழிமுறைகளே.

எலாஸ்டிக்சர்ச்சில் 2023ஆம் ஆண்டின் 8.11 பதிப்பில் ஈஎஸ்கியூஎல் என்னும் வினவல் மொழி முன்னோட்டமாக அறிமுகமானது. அம்மொழியில் 'லுக்கப் ஜாயின்' என்னும் கட்டளை 2025 இல் 8.18 பதிப்புடன் வந்தது. மறு அடைவின் புலங்களை இது விடையில் சேர்த்துத் தருகின்றது. மறு அடைவு இதற்கெனத் தனி வகையில், ஒரே துண்டாக உருவாக்கப்பட வேண்டும்.

பொருத்தப் புள்ளி

தேடுபொறியின் விடைகள் பொருத்தப் புள்ளியின்படி வரிசைப்படுத்தப்படுகின்றன. இணைப்பின்போது, மறு பக்கத்து ஆவணங்களின் புள்ளியை என்ன செய்வது என்னும் வினா எழுகின்றது. ஒரு நூலின் மூன்று மதிப்புரைகள் வினவலுக்குப் பொருந்தினால், அம்மூன்றின் புள்ளிகளில் மிகப் பெரியதையோ, சராசரியையோ, கூட்டுத்தொகையையோ நூலின் புள்ளியாகக் கொள்ளலாம். சோலரின் இணைப்பு வினவலும் எலாஸ்டிக்சர்ச்சின் சேய் வினவலும், வெளிப்படையாகக் கேட்டாலொழிய மறு பக்கத்துப் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. கிடைக்கிறதா இல்லையா போன்ற நிபந்தனைகளுக்கு இது போதுமானது. மதிப்புரையின் உரையைத் தேடும்போது இது போதாது.

பிழைகளும் விளைவுகளும்

மெதுவான இணைப்பைப் பயனர் உடனே உணர்ந்துவிடுவார். தவறான விடை தரும் இணைப்பு நெடுநாள் கவனிக்கப்படாமல் இருக்கக்கூடும்.

குறைபட்ட விடை: சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய இரண்டும் இயல்பாக முதல் 10 விடைகளை மட்டுமே தருகின்றன. எலாஸ்டிக்சர்ச்சில் சாதாரணப் பக்கமிடல் முறையில் 10,000க்கு அப்பால் செல்ல இயலாது. முதல் வினவலின் விடை இவ்வாறு வெட்டப்பட்டால், இரண்டாம் வினவல் எந்தப் பிழைச்செய்தியும் இன்றிக் குறைவான விடையைத் தரும். சிறிய சோதனைத் தரவில் இக்குறை தென்படாது.

கால வேறுபாடு: புதிதாக எழுதப்பட்டவை, அடைவு புதுப்பிக்கப்பட்ட பின்னரே தேடலில் தெரியும். எலாஸ்டிக்சர்ச்சில் இது இயல்பாக ஒரு நொடிக்கு ஒருமுறை நிகழும். இரு அடைவுகளும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. இரண்டையும் ஒருசேர மாற்றும் பரிமாற்ற உறுதியும் இல்லை. எனவே ஒன்றில் புதிய நிலையும் மற்றதில் பழைய நிலையும் தெரியும் இடைவெளி உண்டு.

அனுமதிக் கசிவு: ஒரு நிறுவனத்தின் ஆவணத் தேடலில், ஒவ்வோர் ஆவணத்தையும் யார் யார் பார்க்கலாம் என்பது ஆவணத்துடனேயே ஆள்வாரியாகப் படியெடுக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். ஒருவர் ஒரு குழுவிலிருந்து நீக்கப்பட்டால், அக்குழுவுக்குரிய எல்லா ஆவணங்களும் மீண்டும் எழுதப்படும் வரை அவரால் அவற்றைப் பார்க்க இயலும். ஆவணத்தில் குழுவின் குறியீட்டை மட்டும் எழுதி, பயனர் எந்தெந்தக் குழுக்களில் உள்ளார் என்பதை வினவலின்போது கேட்டறிந்து வடிகட்டினால், நீக்கம் அடுத்த தேடலிலேயே நடைமுறைக்கு வரும். ஒருவர் சேர்ந்துள்ள குழுக்கள் பொதுவாகச் சிலவே என்பதால் இதன் செலவும் சிறிது. இவ்வடிகட்டல் தேடுபொறிக்கு உள்ளேயே நிகழ வேண்டும். விடை வந்த பின்னர் நீக்கினால், மொத்த விடைகளின் எண்ணிக்கையே மறைக்கப்பட்ட ஆவணங்கள் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முறையைத் தேர்ந்தெடுத்தல்

எந்த முறை சிறந்தது என்பது தரவின் இரு தன்மைகளைப் பொறுத்தது. ஒன்று, தொடர்புடைய தகவல் எவ்வளவு அடிக்கடி மாறுகின்றது என்பது. மற்றது, இரு பக்கங்களிலும் பொருந்தக்கூடிய ஆவணங்கள் எத்தனை என்பது. பொதுவாகப் பின்வருமாறு கொள்ளலாம்.

* தகவல் அரிதாக மாறுமாயின், எழுதும்போதே சேர்த்தல்.
* சேய்கள் சிலவாகவும், தாயுடன் சேர்ந்தே மாறுபவையாகவும் இருப்பின், ஆவணத் தொகுதி.
* சேய்கள் பலவாகவும், அடிக்கடி தனித்தனியே மாறுபவையாகவும் இருப்பின், தாய்-சேய் உறவு.
* மறு அடைவு சிறியதாக இருந்து, வடிகட்டல் மட்டும் தேவையெனில், வினவல் நேர இணைப்பு.
* முதல் வினவலின் விடை எப்போதும் சிறியதாக இருக்கும் என உறுதியாகத் தெரிந்தால், பயன்பாட்டு மென்பொருளில் இணைத்தல்.
* மறு அடைவின் விவரங்களைத் திரையில் காட்டுவது மட்டும் நோக்கமெனில், விடைகளைத் தேர்ந்தெடுத்த பின்னர், திரையில் தோன்றும் சில ஆவணங்களுக்கு மட்டும் இரண்டாம் வினவல்.

நூலக எடுத்துக்காட்டில், நூலாசிரியரின் பெயரைப் படியெடுத்து எழுதுவதும், இரவல் நிலையைத் தனியே வைத்து வினவலின்போது பார்ப்பதும் ஒரே அமைப்பில் ஒருங்கே இடம்பெறலாம். பல பெரிய அட்டவணைகளை விரும்பியவாறெல்லாம் இணைக்க வேண்டிய தேவை இருப்பின், மூலத்தரவை உறவுசார் தரவுத்தளத்தில் வைத்து, தேடலுக்கு வேண்டிய பகுதியை மட்டும் தேடுபொறிக்கு அனுப்புவது பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம் ஆகும்.